ஊரிலேயே வேலை, உழைப்புக்கு உரிய கூலி

கிராம அபிவிருத்தி என்றதும் சாலை, பாலம், கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் மக்களுக்காக ஏற்பட்டவை. அம்மக்களுள் ஒரு சாரார் வீட்டுத் திண்ணையிலேயே வாழ்நாளைக் கழிப்பார்களாயின், அபிவிருத்தி முழுமை பெற்றதாகாது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளுடன் பிறந்து, இன்று இருபது முப்பது வயதை எட்டியிருக்கும் ஆண்களையும் பெண்களையும் பற்றியே இங்கே கூற விரும்புகிறோம். அவர்களைப் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "எங்கள் காலத்துக்குப் பின் இவனுக்கு யார்?" அக்கேள்விக்கு ஊர் கூறத்தக்க விடைகளுள் ஒன்று, வேலை.

குறைபாட்டின் தன்மை

இக்குறைபாடு பைத்தியமன்று, தொற்று நோயுமன்று, பெற்றோர் செய்த பாவத்தின் பயனுமன்று. மூளையின் வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாட்டால், கற்பதற்குக் கூடுதல் காலம் பிடிக்கிறது. சிலருக்குப் பேச்சும் பிறருடன் பழகுவதும் கடினமாகின்றன. மெதுவாகக் கற்பவர் கற்கவே இயலாதவர் என்று எண்ணுவதுதான் நமது தவறு. அமெரிக்காவில் மார்க் கோல்டு என்பவர் 1970களில், கடுமையான குறைபாடுடையோருக்கும் மிதிவண்டி பிரேக்கின் பாகங்களைக் கோக்கக் கற்பித்துக் காட்டினார். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்ததே அவர் கையாண்ட வழி.

நமது நாட்டுச் சட்டமும் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டுள்ளது. 1995ஆம் ஆண்டின் சட்டம் அரசு வேலைகளில் ஒதுக்கிய 3 சதவீதம் பார்வை, செவி, கை கால் குறைபாடுடையோருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தி, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உடையோருக்கும் அதில் இடமளித்தது. ஆயினும் அரசு வேலை எல்லோருக்கும் கிட்டுவதன்று. ஆகவே ஊருக்குள்ளேயே வேலை காணவேண்டும்.

நாம் செய்த பிழை

நமது அநுபவம் ஒன்றைக் கூறுகிறோம். நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் இருந்தார். அவரை நகரத்துக்கு அனுப்பி, ஆறு மாதம் மெழுகுவத்தி செய்யப் பயிற்சி அளித்தோம். திரும்பி வந்தார். ஊரில் மெழுகுவத்தி செய்வாருமில்லை, வாங்குவாருமில்லை. மீண்டும் திண்ணைக்கே போய்ச் சேர்ந்தார். குற்றம் அவருடையதன்று, நம்முடையது.

அப்பொழுதுதான் அவருடைய தாயாரிடம் பொறுமையாகப் பேசினோம். "மாட்டைப் பிடித்துக் கட்டுவதும், பால் குவளையைக் கழுவி வைப்பதும் சின்ன வயதிலிருந்தே இவன் வேலைதானே, ஐயா" என்றார். இதை நாம் முன்பே கேட்டிருக்க வேண்டும். ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கேன் கழுவ ஆள் தேவைப்பட்டது. சங்கத் தலைவரும் இசைந்தார். ஆயினும் இளைஞர் வேலைக்கு வரவில்லை.

காரணம் பிறகே விளங்கியது. அவ்வீட்டில் முடிவு சொல்பவர் தாய்மாமன். அவரை நாம் கலக்கவேயில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். தமையன் நாலுபேர் கண்ணெதிரே கேன் கழுவினால் சம்பந்தம் கெடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை அறியாமை என்று நாம் ஒதுக்கவில்லை. ஊர்ப் பெரியவர் இருவரையும் பால் ஊற்றும் பெண்மணி ஒருவரையும் அழைத்துக்கொண்டு, அவர் வீட்டுக்கே சென்று பேசினோம். மூன்றாவது முறை சென்றபோது அவர் சம்மதித்தார். குடும்பத்தின் வழக்கத்தையும் கௌரவத்தையும் அறியாமல் செய்யும் உதவி வாசலோடு நின்றுவிடும் என்பதே நாம் கற்ற பாடம்.

கற்பிக்கும் முறை

பயிற்சி முடித்தபின் வேலை தேடுவதைவிட, வேலையில் அமர்த்தி அவ்விடத்திலேயே பயிற்றுவிப்பது மேலானது. கேன் கழுவும் வேலையை ஐந்து படிகளாகப் பிரித்தோம்.

1. மிச்சப் பாலை வடித்து, குளிர்ந்த நீரால் அலசுதல். முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் பால் கேனில் ஒட்டிக்கொள்ளும்.
2. சலவைச் சோடா கலந்த வெந்நீரில் பிரஷால் உட்புறம் தேய்த்தல்.
3. மூடியையும் கழுத்தையும் தனியே தேய்த்தல்.
4. நல்ல நீரால் இருமுறை அலசுதல்.
5. கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவைத்தல்.

ஒரு படி கைவந்தபின்பே அடுத்த படி. முதலில் செய்து காட்டினோம். பிறகு கைபிடித்துச் செய்வித்தோம். பிறகு வாயால் சொன்னோம். பிறகு சைகை மட்டும். இறுதியில் விலகி நின்றோம். கடிகாரம் பார்க்கத் தெரியாதவருக்கு முதல் பஸ்ஸின் ஹாரன் ஒலியே வேலை தொடங்கும் நேரமாயிற்று. எண்ணத் தெரியாததால், கழுவிய ஒவ்வொரு கேனுக்கும் ஒரு கூழாங்கல்லைச் சட்டியில் போட்டார். உடன் வேலைசெய்யும் ஒருவரே துணையாளர். வெளியிலிருந்து வருபவர் ஒருநாள் போய்விடுவார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் தாமே முழு வேலையையும் செய்யலானார்.

கவனிக்க வேண்டியவை

இத்தகையோருள் சிலருக்கு வலிப்பு உண்டு. அவர்களைக் கிணற்றடியிலோ, இயந்திரத்தருகிலோ, நெருப்பருகிலோ தனியே விடலாகாது. பூச்சிமருந்து கையாளும் வேலை இவர்களுக்கு வேண்டாம். பெண்களுக்கு, நம்பிக்கையான பெண் ஒருவரின் துணையுள்ள இடத்திலேயே வேலை அமைய வேண்டும். நாற்றங்கால், பூத் தொடுத்தல், கோழிப் பண்ணை, சத்துணவுக் கூடத் துப்புரவு போன்ற வேலைகள் நமது ஊர்களில் உள்ளனவே. யாருக்கு எதில் விருப்பம் என்பதை அவரிடமே கேளுங்கள். பேச இயலாதவராயின், அவர் முகத்தைப் பார்த்து அறியுங்கள்.

கூலியைப் பற்றியும் கண்டிப்பாகக் கூறவேண்டும். "சோறு போடுகிறோமே, போதாதா?" என்று கேட்போர் எல்லா ஊர்களிலும் உண்டு. போதாது. அதே வேலைக்குப் பிறருக்கு என்ன கூலியோ, அதுவே இவருக்கும். அது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

ஊரில் இத்தகையோர் எத்தனை பேர் என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கலாம். அடையாள அட்டை இல்லாதோர்க்கு அதனைப் பெற்றுத் தரலாம். பதினெட்டு வயது கடந்தவருக்குச் சட்டப்படியான காப்பாளர் தேவைப்படின், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அமைந்த மாவட்ட உள்ளூர்க் குழுவை அணுகலாம். பயிற்சி பற்றிய யோசனைக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கும் தேசிய நிறுவனம் உள்ளது. கிராமப் பஞ்சாயத்துகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தம் 2025இல் நமது சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவ்வுறுப்பினரின் குரல் இப்பணிக்குப் பெருந்துணையாகும்.

மேற்கூறிய இளைஞரின் தங்கைக்கு நல்ல இடத்தில் திருமணம் நடந்தது. அதன்பின் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில், தாய்மாமனே முன்னின்று, அவர் பெயரில் தனியே மொய் எழுதச் செய்தார். சம்பாதிக்கும் ஆண்மக்கள் வரிசையில் அவர் பெயர் நோட்டுப் புத்தகத்தில் ஏறியது அதுவே முதல் முறை. உங்கள் ஊரில் இன்னும் எழுதப்படாத பெயர்கள் எத்தனை என்பதை வரும் கிராமசபைக் கூட்டத்தில் கேளுங்கள்.