அவதூதரின் எட்டாவது குரு

ஸ்ரீமத் பாகவதத்தின் 11-ஆம் ஸ்கந்தத்தில் யது மன்னர் ஓர் இளம் அவதூதரைச் சந்திக்கிறார். உடைமை ஏதுமின்றி, கவலையுமின்றித் திரியும் அவரிடம், இந்த ஆனந்தம் எங்கிருந்து கிடைத்தது என்று வினவுகிறார். தமக்கு 24 குருமார்கள் உண்டு என்று அவதூதர் விடையளிக்கிறார். நிலம், காற்று, வானம், நீர், நெருப்பு, சந்திரன், சூரியன் என்று செல்லும் அவ்வரிசையில் எட்டாவது குருவாக அமைவது புறா.

கதை சுருக்கமானது. காட்டில் ஒரு மரத்தில் ஆண்புறா ஒன்று தன் துணையுடன் கூடு கட்டி வாழ்ந்தது. குஞ்சுகள் பிறந்தன, அவற்றின் மழலைக் குரலில் பெற்றோர் தம்மை மறந்தன. ஒருநாள் அவை இரைதேடச் சென்றிருந்தபோது வேடன் ஒருவன் குஞ்சுகளை வலையில் பிடித்தான். திரும்பி வந்த தாய் கதறிக்கொண்டே வலைக்குள் பாய்ந்தது. ஆண்புறாவோ, தன் குடும்பம் வலையில் துடிப்பதைக் கண்ட பின்னரும் புலம்பியபடி அதே வலையில் விழுந்தது.

இக்கதையைப் படிக்கும் இல்லறத்தார் பலருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. மனைவி மக்களிடம் அன்பு கொள்வது குற்றமா? பெற்ற தாய் குஞ்சைக் கைவிட்டுப் பறந்திருக்க வேண்டுமா? புறாக்களின் வாழ்க்கையை அருகிலிருந்து கவனிப்பது இந்த ஐயத்தைத் தெளிவுபடுத்த உதவும்.

மட்டாஞ்சேரியில் ஒரு காட்சி

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில், வணிகத்தின் பொருட்டுக் குடியேறிய குஜராத்தி மக்கள் வாழும் பகுதியில், 1904-இல் கட்டப்பட்ட தர்மநாதர் ஜைன ஆலயம் உள்ளது. நண்பகல் வேளையில் அங்கே புறாக்களுக்குத் தானியம் இடுவது வழக்கம். கூட்டமாக எழும் புறாக்கள் ஆலயத்தைச் சுற்றிப் பறந்துவிட்டுப் பின்னரே கீழிறங்கி உண்பதைக் காணப் பலர் வருகின்றனர். தானியம் இடுபவர் எந்தப் புறா தம் கையின் மணியைத் தின்றது என்று கணக்குப் பார்ப்பதில்லை.

புறாவின் முன்னோர் மலைப்பாறைகளின் இடுக்குகளில் வாழ்ந்தவை. நகரத்தில் அவற்றுக்குப் பாறைகளாக அமைந்தவை கட்டடங்களே. மாடங்களில் வாழ்வதால் 'மாடப்புறா' என்று தமிழர் பெயரிட்டனர். மட்டாஞ்சேரியின் பழைய மிளகு, சுக்குக் கிடங்குகளின் ஓட்டுக்கூரையும் சன்னல் விளிம்பும் அவற்றுக்கு ஏற்ற இடங்கள்.

மாசி, பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும்போது நகரின் காக்கைகள் சுள்ளியும் கம்பியும் சுமந்து மரங்களை நாடுகின்றன. ஜூன் மாதம் தொடங்கும் பெருமழைக்கு முன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்ற இயற்கையின் உந்துதல் அது. புறாவோ ஆண்டு முழுவதும் கூடு கட்டும் இயல்புடையது.

கூட்டின் பாடம்

ஆண்புறா ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவந்து கொடுக்க, பெண்புறா அமர்ந்தபடியே அதைத் தன்னைச் சுற்றிச் செருகிக்கொள்கிறது. பெரும்பாலும் இரண்டு முட்டைகள். ஏறத்தாழ 18 நாட்கள் இரண்டும் மாறி மாறி அடைகாக்கின்றன. பகலின் பெரும்பொழுது ஆணும், மாலை முதல் மறுநாள் காலை வரை பெண்ணும் அமர்கின்றன. குஞ்சு பொரித்ததும் தாய், தந்தை இரண்டின் தொண்டைப்பையிலும் பால் போன்ற உணவு சுரக்கிறது. அன்பில் ஒரு குறையும் இல்லை.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் குஞ்சுக்குச் சிறகு முற்றுகிறது. அது பறக்கிறது. பெற்றோர் அதைக் கூட்டுக்குள் அடைத்துவைப்பதில்லை. தாம் ஊட்டியதற்குக் கைம்மாறு கேட்பதுமில்லை. அடுத்த கடமையில் ஈடுபடுகின்றன.

அவ்வாறாயின் பாகவதப் புறா எதைக் குறிக்கிறது? அது மனித மனத்தைக் குறிக்கிறது. அவதூதர் 'ஸ்நேகம் கூடாது' என்று கூறவில்லை. 'அதிஸ்நேகம்' கூடாது என்றே எச்சரிக்கிறார். 'அதி' என்ற அச்சிறு சொல்லில்தான் பாடம் முழுவதும் அடங்கியுள்ளது. அன்பு, பிறருக்கு என்ன தேவை என்று கேட்கிறது. அளவு மீறிய பற்று, அவரின்றி எனக்கு என்ன ஆகும் என்று கேட்கிறது. முதல் கேள்வி கடமையைக் காட்டும்; இரண்டாவது விவேகத்தை மறைக்கும். வலை கண்ணுக்குத் தெரிந்தும் புறா அதில் விழுந்தது விவேகம் மறைந்ததால்தான்.

வெளியூரில் குடியேறிய மகன் தினமும் பேசவில்லையே என்று மனம் குமுறும் தந்தையின் நிலை இதுவே. தாம் வளர்த்த பள்ளியின் பொறுப்பை இளையவரிடம் ஒப்படைக்க மனமில்லாத பெரியவரின் நிலையும் இதுவே. இல்லறத்தைத் துறந்த சாதகனுக்கும் விலக்கில்லை. அவன் செய்யும் தொண்டே 'என்னுடையது' என்றாகும்போது, அதுவும் ஒரு கூடாகிவிடுகிறது.

ஆகவே, வீட்டின் சன்னலில் ஒரு பறவை கூடு கட்டினால், தொடாமல், கலைக்காமல், சற்று விலகி நின்று கவனிப்பது நல்லது. (உலர்ந்த புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது, அதனாலும் விலகி நிற்றலே முறை.) நாளின் முடிவில் சாதகன் தன்னையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்: இன்று நான் ஏற்ற கடமையை முழு மனத்துடன் செய்தேனா? அது யாருடைய நன்மைக்காக? அது நிறைவுறும் நாளில் மகிழ்ச்சியுடன் கை விலக்க என்னால் இயலுமா?

மூன்றாவது கேள்விக்கு உடனே விடை வராமல் போகலாம். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. அக்கேள்வியை விடாமல் கேட்டுவருவதே விவேகப் பயிற்சியின் தொடக்கம்.