அவையச்சமும் ஆளவி நெசவாளன் மகளும்

மக்களை வாட்டும் அச்சங்கள் ஐந்து எனப் பகவன் வகுத்தருளினார். பிழைப்பு அற்றுப்போமோ என்னும் அச்சம், பழிச்சொல் வருமோ என்னும் அச்சம், அவைமுன் நிற்பதற்கு அச்சம், மரண அச்சம், மறுமையில் தீக்கதி சேர்வோமோ என்னும் அச்சம் என்பன அவை. அங்குத்தர நிகாயத்தின் ஒன்பதாம் தொகுதியில் இவ்வரிசை காணப்படுகிறது. அவைக்கு அஞ்சுதலை மரணத்திற்கு அஞ்சுதலோடு ஒரே நிரலில் வைத்தது கருதற்பாலது. வள்ளுவரும் அவையஞ்சாமைக்கெனத் தம் நூலின் 73ஆம் அதிகாரத்தைத் தனியே ஒதுக்கினார்.

இவ்வச்சம் நம்மவரை எங்குப் பற்றி நிற்கிறது? நாராயணவனம், புத்தூர் முதலிய ஊர்களில் வாழும் நம் அன்பர்களுள் கவிதை புனைவோர் உளர்; கதை எழுதுவோர் உளர்; தறியில் புதுக்கரை போட்டு நெய்வோரும் உளர். ஆயினும், பரிசுப் போட்டி அறிவிப்பு ஒன்று கண்ணிற்பட்டால் அவர்கள் கை தயங்குகிறது. இதற்கு ஊரின் வரலாறும் ஒரு காரணம். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவர், "நம் தமிழைச் சென்னைப் புலவர் நகைப்பரே" என்று எண்ணுகிறார். பெயரும் தந்தை பெயரும் ஊரும் எழுதச் சொல்லும் விண்ணப்பத்தாள் மற்றோர் அச்சத்தை எழுப்புகிறது. எந்தத் தெருவினர் என்று ஊகிப்பரோ என்பதே அது. ஆகவே எழுதியது பெட்டியில் உறங்குகிறது.

இந்நிலையைச் சிலர் அடக்கம் எனப் போற்றுகின்றனர். நாம் அதற்கு உடன்படோம். தம்மம் மானம் என்னும் களங்கத்தை மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறது: 'யான் உயர்ந்தவன்' என்பது ஒன்று, 'யான் ஒத்தவன்' என்பது ஒன்று, 'யான் தாழ்ந்தவன்' என்பது ஒன்று. மூன்றும் செருக்கின் கூறுகளே. மூன்றாவதைச் செருக்கு என்பது முதற்கண் வியப்பாகத் தோன்றும். ஆனால் ஊன்றி நோக்குவோர் உணர்வர். தன்னைத் தாழ்த்திக் கொள்பவனும் ஓயாமல் தன்னையே அளந்து கொண்டிருக்கிறான். அளவுகோல் கையை விட்டு அகலவில்லை. இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் வேண்டும். பிறர் நம்மைத் தாழ்ந்தோர் என்றது அவர் இழைத்த கொடுமை. அது நம் செருக்கன்று. அவர் கூற்றை நாமே நம் நெஞ்சுக்குள் எடுத்தோதிக்கொண்டிருப்பதே களைய வேண்டுவது.

இனி, ஆளவி நகரத்து நெசவாளன் மகளின் வரலாற்றைக் காண்போம். தம்மபதத்தின் 174ஆம் பாட்டிற்குரிய அட்டகதையில் இது வருகிறது. தறியோசை கேட்டு வளர்ந்தவர்க்கு இது மிக அணித்தானது. பகவன் ஆளவிக்கு எழுந்தருளி மரணத்தை நினைந்து பழகுமாறு உபதேசித்தார். கேட்டோர் பலர், மேற்கொண்டு பழகியவள் பதினாறு வயதளவினளான அச்சிறுமி ஒருத்தியே. மூன்றாண்டு கழிந்தது. அவள் பொருட்டே பகவன் சேதவனத்திலிருந்து முப்பது யோசனை நடந்து மீண்டும் வந்தார். அன்றைக்கென்று தந்தை, "ஒருவர்க்குரிய துணி முடியவில்லை, தார் சுற்றிக் கொண்டுவா" என்று பணித்துவிட்டான். அவள் முதலில் தாரைச் சுற்றி முடித்தாள். கடமையை எறிந்துவிட்டு ஓடவில்லை என்பதை நோக்குக. அதுகாறும் பகவன் ஒரு சொல்லும் கூறாது அமர்ந்திருந்தார். அவையும் வாளா இருந்தது. கூடையோடு கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றவளை அவர் தலைநிமிர்ந்து நோக்கினார். அழைப்பை உணர்ந்து, கூடையை இறக்கி வைத்து அவள் முன்சென்றாள்.

எங்கிருந்து வருகிறாய் என்றார் பகவன், அறியேன் என்றாள். எங்குச் செல்கிறாய் என்றார், அறியேன் என்றாள். அறியாயோ என்றதற்கு அறிவேன் என்றும், அறிவாயோ என்றதற்கு அறியேன் என்றும் விடை தந்தாள். அவையினர் முணுமுணுத்தனர். நெசவாளன் மகளுக்கு வீட்டிலிருந்து வருவதும் தறிக்கொட்டகைக்குப் போவதும் தெரியாதோ என்று சினந்தனர். பகவன் அவையை அடக்கி அவளையே விளக்கச் சொன்னார். முற்பிறப்பு அறியேன், அடுத்த பிறப்பு அறியேன், இறப்பது உறுதி என்று அறிவேன், எப்போது என்று அறியேன். இதுவே தன் விடையின் கருத்து என்றாள். ஒவ்வொன்றிற்கும் பகவன் 'நன்று' என்றார்.

அன்றே அவள் வாழ்வு முடிந்தது என்கிறது அட்டகதை. தறியருகே உறங்கியிருந்த தந்தை கூடை பட்ட ஓசையால் திடுக்கிட்டு விழித்துத் தறியை இழுக்க, அதன் முனை மார்பில் தாக்கிற்று. அவைக்கு அஞ்சி ஓரத்திலேயே நின்றிருந்தால் அவளுக்கு வேறொரு நாள் வாய்த்திராது.

அவள் முன் இருந்தவர் ததாகதர். நம் போட்டிகளுக்கு நடுவராக அமர்வோர் நம்மைப் போன்ற மாந்தர் என்று சிலர் தடை கூறலாம். உண்மையே. அதுல உபாசகர் கதை இதற்கென்றே உள்ளது. மௌனமாக இருந்த ரேவதர் மீது அவருக்குக் கோபம். விரித்துரைத்த சாரிபுத்திரர் மீதும் கோபம். சுருக்கி உரைத்த ஆனந்தர் மீதும் கோபம். முப்பெரும் தேரர்களே ஒரே நாளில் ஒரு மனிதரிடம் தேறவில்லை எனில், மூன்று நடுவர் நம் கதையைத் திருப்பியனுப்புவதில் வியப்பென்ன? பாபாசாகேப் அம்பேத்கரை லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் கருத்துகளைக் கண்டபின், 1936இல் மாநாட்டையே கைவிட்டது. அவர் அவ்வுரையைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 'சாதி ஒழிப்பு' என்று இன்று நாம் பயிலும் நூல் அது.

ஏற்கப்பட்ட கதைகளும் உண்டு. முசிறியில் 1925இல் பிறந்த ராஜம் கிருஷ்ணன் பதினைந்து வயதளவில் மணமாகிப் பள்ளிப்படிப்பை இழந்தவர். இல்லத்திலிருந்தே எழுதிய அவருடைய 'பெண் குரல்' 1953இல் கலைமகள் நாவல் பரிசைப் பெற்றது. 1973இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது.

வெற்றி பகையை வளர்க்கும் என்று தம்மம் கூற, பௌத்தர் போட்டியில் இறங்கலாமோ என வினவுவாரும் உளர். மணிமேகலையின் விழாவறை காதையில் விடை இருக்கிறது. இந்திரவிழாவுக்கு முரசறைவோன் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். அதே மூச்சில், பகைவரிடத்தும் சினமும் கலகமும் வேண்டா என்கிறான். ஏறுதல் விலக்கன்று, சினமே விலக்கு.

அவைக்கு அஞ்சாமை எவ்வாறு வரும்? பயிலும் சீடனுக்குத் துணிவு தருவன ஐந்து என அங்குத்தரத்தின் ஐந்தாம் தொகுதி கூறுகிறது: சிரத்தை, சீலம், கேள்வியறிவு, முயற்சி, பிரக்ஞை. இவற்றுள் சீலத்தையே நம் துறையில் முதலாகக் கொள்வோம். பிறர் வரியைத் திருடாதவர்க்கு நடுவரிடம் மறைக்க ஒன்றுமில்லை. திருடியவர் அஞ்சுவது நியாயமே. கேள்வியறிவு என்பது முன்பு பரிசு பெற்றவற்றைத் தேடிப் படித்தலும், எழுதியதை ஒருவர்க்கேனும் உரக்கப் படித்துக் காட்டலுமாம். நெசவாளர்க்கு வழி இன்னும் நேரானது. சந்த் கபீர் பெயரால் ஒன்றிய அரசு வழங்கும் கைத்தறி விருதுக்கு நெய்த துணியே சான்று. பேச்சுத் தமிழ் கொச்சையாயினும் துணியின் இழை கொச்சையாகாது.

எல்லையூர்த் தமிழ் கொச்சை என்பதையும் நாம் ஏலோம். இரு மொழிகளுக்கிடையே வளர்ந்த செவி பிறர் கேளாத சொற்களைக் கேட்கிறது. அச்சொற்களைச் சென்னை நடைக்கென மாற்றிவிடாது அப்படியே எழுதியனுப்புக. விண்ணப்பத்தாளின் மதக்கட்டத்தில் 'பௌத்தம்' என்றே எழுதுக. படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கெடுநாளுக்கு ஒரு கிழமை முன்னரே அஞ்சலில் சேர்த்துவிட்டு, அடுத்த கதைக்குத் தாளை எடுத்து வையுங்கள்.