‘கால் இடறிவிட்டது’ என்று விட்டுவிட வேண்டாம்



நம் முஹல்லாவில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் ஃபஜ்ருக்கு எழுந்தபோது வீட்டில் விழுந்தார். பிள்ளைகள் கேட்டதற்கு, ‘பாய் தடுக்கிவிட்டது’ என்றார். இரண்டாம் முறை விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்குத் தனியாகப் போக விடமாட்டார்களே என்ற பயம். மூன்றாம் முறை இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையிலிருந்து எழுந்ததும் அவருக்கு இரத்த அழுத்தம் சரிந்துவிடுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வயதானால் விழுவது இயல்புதான் என்று நினைத்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள்; இவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். முதியோர் மருத்துவம் என்றே ஒரு தனித் துறை உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் டாக்டர் வ.செ. நடராசன் அதற்கான பிரிவைத் தொடங்கினார். காரணம் புரியாமல் ஒருவர் விழுந்தால், உள்ளே ஏதாவது நோய் இருக்கிறதா என்று பார்ப்பது அத்துறையின் முதல் பாடங்களில் ஒன்று.

முக்கியக் காரணங்கள்

1. எழுந்ததும் அழுத்தம் குறைதல்: எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டும். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தண்ணீர் குறைவாகக் குடிப்பது ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

2. இதயத் துடிப்புக் கோளாறு: எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சாய்ந்து, சில நொடிகளில் தெளிந்துவிடுவார். ‘எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை’ என்பார். இ.சி.ஜி. அவசியம். சிலருக்கு 24 மணி நேரப் பதிவும் தேவைப்படும்.

3. சர்க்கரை குறைதல்: மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். அளவு 70-க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் மருந்தளவைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

4. காதின் உட்பகுதிக் கோளாறு: படுக்கையில் புரளும்போதும், ருகூஉ, ஸுஜூதில் குனிந்து நிமிரும்போதும் தலை சுற்றும்.

5. மற்றவை: பாதம் மரத்துப்போதல், கண்புரை, இரத்தசோகை, நடுக்குவாதம், சிறுநீர்த் தொற்று, தூக்க மாத்திரை.

வீட்டார் செய்ய வேண்டியது

விழுந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, விழுவதற்கு முன் உணர்ந்தது, நினைவு தவறியதா என்ற நான்கையும் எழுதி வையுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ‘படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பாருங்கள்’ என்று கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் காட்டலாம். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடந்துவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் விழுந்ததைச் சொல்லுங்கள்.

நினைவு தவறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தலைக்குள் கசியும் இரத்தம் பல நாள் கழித்தும் வெளிப்படலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம் என்று மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பதில் குறைவு ஏதுமில்லை. தஹஜ்ஜுதுக்கு எழும்போது கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். ஒளுச் செய்ய உயரமான ஸ்டூல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, அத்தாவோ அம்மாவோ விழுந்தேன் என்று சொன்னால், ‘பார்த்து நடக்கக் கூடாதா?’ என்று கடிந்துகொள்ளாதீர்கள். அப்படிக் கடிந்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். பள்ளிக்குப் போகாதே என்று தடுப்பதைவிடக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதே நல்லது.

அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.