முதலில் காற்றை அதட்டினார்

பேரையூர்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள தாயி,

உன் கடிதம் கிடைத்தது. விடுதிச் சாப்பாடு, நர்சிங் இரண்டாம் ஆண்டுப் பாடங்கள், கல்விக் கடன் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று கேட்டிருக்கிறாய். "முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன் ஐயா, ஆனாலும் ராத்திரி நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா?" மற்ற விஷயங்கள் பொறுக்கும். இதற்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும்.

கவலைப்படுவது அவிசுவாசம், அவிசுவாசம் பாவம், ஆகவே நீ பாவத்தில் இருக்கிறாய் என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம். ஏற்கெனவே ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு வந்த பிள்ளையின் தலையில் இன்னொரு பயத்தையும் ஏற்றி அனுப்புவதற்கா ஜெபக்கூட்டம்? அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நல்ல எண்ணம் வேதத்தைச் சரியாகப் படித்துவிடாது.

அவர் ஆதாரம் காட்டியது கடலில் எழும்பிய புயல். வழக்கமாக எல்லோரும் காட்டுவதும் அதுதான். கதை உனக்கு மனப்பாடம், திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அதே கதையை மூன்று சுவிசேஷக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறாயா? மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் இயேசு எழுந்ததும் முதலில் சீஷர்களைப் பார்த்து ஏன் பயந்தீர்கள் என்று கேட்கிறார். அதன் பிறகு காற்றை அதட்டுகிறார். மாற்கு நாலாம் அதிகாரத்திலும் லூக்கா எட்டாம் அதிகாரத்திலும் வரிசை வேறு. எழுந்தார், காற்றை அதட்டினார், கடல் அமர்ந்தது. அதற்குப் பின்தான் விசுவாசத்தைப் பற்றிய கேள்வி. நான்கு சுவிசேஷங்களில் முதலில் எழுதப்பட்டது மாற்கு என்பது இன்றைக்குப் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நம் பிரசங்கிகள் மட்டும் எப்போதும் மத்தேயுவையே எடுக்கிறார்கள். கடிந்துகொள்வதற்கு அதுதான் வசதி.

மாற்குவை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார். தலையணை அவர் எழுதியதில் மட்டும்தான் வருகிறது. படகின் பின்பக்கம், தலையணை, தூங்குகிற இயேசு. படகில் இருந்தவர்களில் சிலர் அந்த ஏரியிலேயே வலை வீசிப் பிழைத்தவர்கள். கலிலேயாக் கடல் என்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடக்கிறது. சுற்றிலும் மேட்டு நிலம். மேட்டிலிருந்து காற்று சரிந்து இறங்கினால் ஏரி சீக்கிரமே கொந்தளித்துவிடும். அது எத்தனை பேரை விழுங்கியிருக்கிறது என்று மீன்பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய பயம் விவரம் தெரிந்தவர்களின் பயம். அந்தப் பயத்தில் அவர்கள் செய்த ஜெபத்தையும் கவனி. பணிவு இல்லை, துதி இல்லை. நாங்கள் சாகப்போகிறோம், உமக்கு அக்கறையே இல்லையா என்கிற மாதிரி சண்டைக்குப் போகிறார்கள். மாற்கு அதை மறைக்காமல் எழுதுகிறார். மரியாதையாகக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று இயேசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் கூச்சலுக்கே எழுந்தார். பயந்தவர்களின் படகில்தான் அவர் இருந்தார், அவர்கள் பயந்துகொண்டிருந்தபோதே இருந்தார். நீ பிடித்துக்கொள்ள வேண்டியது இதை. படபடப்பு நின்ற பிறகுதான் அவர் ஏறுவார் என்று எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

இதையெல்லாம் சௌகரியமாக நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். ஆகவே கட்டிலில் படுத்தபடி எழுதிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் கேள்விப்பட்டிருப்பாய். அங்கே பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை, அவர் மீட்டு வளர்த்த பிள்ளைகளை வைத்துத்தான் நம் சபைகளில் பேசுவார்கள். ஞாயிறு பள்ளியில் நீயும் அந்தப் பாடத்தைப் படித்தவள்தான். எனக்கு அவருடைய பின்பாதி வாழ்க்கைதான் பெரிது. 1931 அக்டோபர் 24ஆம் தேதி, களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர் பொழுது சாயும் நேரத்தில் குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63. கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழவில்லை. 1951 ஜனவரி 18ஆம் தேதி இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். அந்த அறைக்குச் சமாதான அறை என்று பெயர். அதற்குள்தான் அவருக்கு விடாத வலியும் தூக்கம் பிடிக்காத இரவுகளும் இருந்தன. பெயரை யாரும் மாற்றவில்லை.

1933இல் அவர் எழுதிய ரோஸ் ஃப்ரம் பிரையர் என்ற புத்தகத்தை அரசரடி இறையியல் கல்லூரி நூலகத்தில் வைத்துப் படித்தேன். மெலிந்த புத்தகம். அது பிறந்த காரணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நோயாளிகளுக்கென்று அச்சடித்த ஆறுதல் கைப்பிரதிகளை யார் யாரோ அவருக்கு அனுப்பினார்கள். சுகமாக நடமாடுகிறவர்கள் எழுதியவை. படுத்துக் கிடக்கிறவருக்கு அவை எட்டவில்லை, ஒட்டவுமில்லை. அவற்றில் குற்றம் ஒன்றும் இல்லை, உள்ளே இறங்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே வலியில் கிடக்கிற தானே வலியில் கிடக்கிற மற்றவர்களுக்கு எழுதத் தொடங்கினார். வலி இன்னும் போகாத கையால் எழுதினார் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பலம். குணமாகி எழுந்துவந்து சொன்ன சாட்சி அல்ல அது. நம் கூட்டங்களில் எழுந்து சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் கடன் தீர்ந்தவர்கள், சுகம் பெற்றவர்கள், பாஸ் ஆனவர்கள். இன்னும் தீராதவர் எழுந்து பேச நாம் இடமே கொடுப்பதில்லை. இதைச் சபைக் கமிட்டியில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். உன் வயதுக்காரர்களாவது கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் அம்மையாரோடு எனக்கு ஒத்துப்போகாது. வந்ததை ஏற்றுக்கொள்வதில்தான் சமாதானம் என்பது அவருடைய முடிவு. இருபது வருஷம் கட்டிலில் கிடந்தவர் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னால் நான் தலை குனிந்து கேட்பேன். அதையே நடமாடுகிற ஒருவர் வந்து இருபது வயதுப் பிள்ளையிடம் சொன்னால், வாயை மூடிக்கொண்டு இரு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் முறையிட வேண்டும். வேதம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. கொஞ்ச இடம் இல்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் எதுவரைக்கும் என்று நாலு தடவை கேட்டுத்தான் தொடங்குகிறது. 77ஐப் பாடியவருக்கும் உன்னைப் போலவே தூக்கம் இல்லை. தன் கண்ணிமைகளை மூடவிடாமல் பிடித்துவைத்திருப்பது கடவுள்தான் என்று கடவுளிடமே புகார் சொல்கிறார். 88 இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு அல்லேலூயாவாவது ஒட்டவைத்திருக்கலாம். யாரும் ஒட்டவில்லை. அந்தப் பாட்டையும் அப்படியே தேவாலயத்தில் பாடினார்கள். இலங்கையில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தைப் பெரிய வியாழன், வெள்ளிக்கிழமைகளில் அழுது பாடுவார்கள். துக்கத்தைச் சபை நடுவில் வைத்துப் பாடத் தெரிந்த சனம் நாம். எங்கே எப்போது அதை விட்டோமோ தெரியவில்லை. இப்போது கீ-போர்டும் கைத்தட்டலும்தான் கேட்கிறது. கைத்தட்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுகிறவனுக்கும் ஆராதனையில் ஒரு பாட்டு வேண்டும் என்கிறேன்.

ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்று பவுல் சொல்லியிருக்கிறாரே என்று கேட்பாய். பிலிப்பியர் நாலாம் அதிகாரம். அதை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறோம். இரண்டாம் அதிகாரத்தைத் திற. எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர். பிலிப்பி சபையார் சிறையிலிருக்கும் பவுலுக்கு உதவி கொடுத்து அனுப்பியவர். வந்த இடத்தில் சாகக் கிடந்தார். தான் நோயாய்க் கிடந்தது ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிட்டதே என்று வேறு மனம் கலங்கினார். வெளியூரில் காய்ச்சல் வந்தால் நீயும் இதைத்தானே செய்வாய், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று? பவுல் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களை மதியுங்கள் என்று எழுதி ஊருக்கு அனுப்புகிறார். அவரை அனுப்பினால் என் துக்கமும் குறையும் என்றும் சொல்கிறார். கவலைப்படாதே என்று எழுதிய அதே கடிதத்தில், தனக்குத் துக்கம் இருந்ததை மறைக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது எல்லாச் சபைகளைப் பற்றிய கவலையும் நாள்தோறும் தன்னை அழுத்துவதாகவே சொல்லியிருக்கிறார். நாலாம் அதிகாரத்திலும் கவலைப்படாதே என்பதோடு அவர் நிறுத்தவில்லை. வேண்டியதையெல்லாம் கடவுளிடம் சொல்லச் சொல்கிறார். சொன்ன பிறகு கடவுளின் சமாதானம் இருதயத்தைக் காத்து நிற்கும் என்கிறார். விலங்கோடு, காவல்காரர்கள் நடுவில் இருந்துகொண்டு எழுதியது அது. காவல் போடுவது ஆபத்து இருக்கிற இடத்தில்தான்.

உன் அப்பாவைப் போன வாரம் டி.கல்லுப்பட்டி பஸ்ஸில் பார்த்தேன். இறங்கியதும் காட்டுப் பக்கம் கூட்டிப்போய் ஒரு மக்காச்சோளக் குருத்தைப் பிரித்துக் காட்டினார். இலையெல்லாம் ஓட்டை, உள்ளே ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கடியில் படைப்புழு. 2018இல் நம் நாட்டுக்குள் வந்த புழு, இன்னும் போகவில்லை. மானாவாரிக் கரிசல்காடு, வட்டிக்கு வாங்கிய விதை, நீ அங்கே கட்ட வேண்டிய பணம். அவருடைய கவலையைக் குருத்துக்குள் கண்ணால் பார்த்தேன். அதை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. காட்டுப் புஷ்பங்களைப் பார்க்கச் சொன்ன அதே பேச்சை, அந்தந்த நாளுக்கு அதனதன் பாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் இயேசு முடிக்கிறார். நாளையதைத்தான் இன்றைக்கே தூக்க வேண்டாம் என்கிறார். இன்றைய பாடு இல்லை என்று அவர் சொல்லவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. ராத்திரி படபடப்பு வந்தால் அதை விரட்ட ஜெபிக்காதே. என்னென்ன பயம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லு. கடன், செய்முறைத் தேர்வு, அப்பாவின் காடு. சத்தமாகச் சொல்ல முடியாத விடுதி என்றால் நோட்டில் எழுது. பிறகு 13ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசி. ஆறே வசனம். கடைசி வசனம் பாட்டாக முடியும். அந்த ராத்திரி உனக்குப் பாட்டு வரவில்லை என்றால் ஐந்தோடு நிறுத்திக்கொள், பாதகமில்லை. தனியாகவே இதைச் செய்துகொண்டிருக்காதே. கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட வைத்துக்கொண்டு என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். உன் அறைத் தோழி எந்த மதமானாலும் சரி, அவளிடம் சொல்லு.

சாப்பிடு, தூங்கு. இதை ஆவிக்குரிய விஷயமாகவே சொல்கிறேன். முதலாம் இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், செத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். ஓரேபுக்குப் போனதும் மெல்லிய சத்தம் கேட்டதும் அதற்குப் பிறகு. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெபிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை இன்றோடு நிறுத்து. உபவாசம் இருக்க உனக்கு இன்னும் காலம் கிடக்கிறது.

இரண்டு வாரம் பார். தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால், படபடப்பு பாடத்தையே கெடுக்கிறது என்றால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். லூக்காவை வைத்தியன் என்றுதான் பவுல் அறிமுகப்படுத்துகிறார். அவரை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. நீயே நர்சாகப் போகிறவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416க்குப் போன் பண்ணு. அரசாங்கத்தின் டெலி-மனாஸ், இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை விடலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதே. அன்றைக்கே விடுதிக் காப்பாளரிடமும் என்னிடமும் சொல்லிவிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அந்த ஜெபக்கூட்டத்துக்குப் போகாதே என்று சொல்லமாட்டேன். போ. அடுத்த முறை வேதம் வாசிக்க உன்னைக் கேட்டால் 88ஆம் சங்கீதத்தை முழுதாக வாசி, கடைசி வசனம் வரைக்கும். வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடு. யாராவது விளக்கம் கேட்டால் என் பேரைச் சொல்லு.

தேர்வுத் தேதியை மறக்காமல் எழுது. அப்பாவிடம் வேளாண்மை அலுவலகத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.

ஜெபத்துடன்,
உன் ஐயா