வண்டல் ஏற்றும் வண்டிக்கு ஒரு கணக்கு

ஏரி வண்டலும் தொழுவுரமும் நிலத்துக்கு என்ன செய்யும் என்று இந்த இதழில் பலமுறை பேசியாச்சு. அது நிலத்துக்கு வந்து சேரும் வழியைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை. விவசாயத்துக்குத் திரும்பும் முன் பதினோரு வருஷம் டிப்பர் ஓட்டியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கோடையில் நம்ம ஊர்களில் மண் அடிக்கிற முறை ரொம்பப் பயப்பட வேண்டியதாக இருக்கிறது.

முதலில் கணக்கு. மண்ணை நாம் யூனிட்டில் பேசுகிறோம். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். இது இடத்தின் அளவு. வண்டியின் அச்சும் டயரும் பிரேக்கும் தாங்குவதோ எடையை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதி ஆபத்து இருக்கிறது.

காய்ந்த பொலபொல மண் ஒரு யூனிட் சுமார் மூன்றரை டன் வரும். அதே மண் ஏரிக்குள்ளிருந்து ஈரத்தோடு வந்தால் ஐந்து டன்னை நெருங்கிவிடும். நன்றாக மக்கிய உரம் ஒன்றரை டன்தான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பத்துச் சக்கர டிப்பருக்குச் சட்டப்படி மொத்த எடை, வண்டியும் சரக்கும் சேர்த்து, 28.5 டன். வெறும் வண்டியே பதினொன்று, பன்னிரண்டு டன் இருக்கும். மிச்சம் பதினாறு பதினேழு டன். ஆக, அந்த வண்டியில் ஆறு யூனிட் மக்கு உரம் தாராளமாகப் போகலாம். காய்ந்த மண் என்றால் நாலரை யூனிட். ஈர வண்டல் என்றால் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். தொட்டி பாதி காலியாகத் தெரியும். "இன்னும் நாலு பக்கெட் போடுப்பா" என்று பொக்லைன் ஓட்டுநரிடம் சொல்லத்தான் தோன்றும். சொல்லாதீங்க.

ஏன் சொல்லத் தோன்றுகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. அரசு அனுமதிப்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் எடுக்கலாம். 75 கன மீட்டர் என்றால் இருபத்தாறு யூனிட்டுக்கு மேல். நடை குறைந்தால் வாடகை குறையும் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் ஈர மண்ணில் நீங்கள் வாடகை கொடுத்து ஏற்றி வருவதில் பெரும் பங்கு தண்ணீர். வெட்டிய வண்டலை ஏரிக்குள்ளேயே மேடான இடத்தில் குவித்து மூன்று நாலு நாள் வடியவிட்டுப் பிறகு ஏற்றுங்க. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்க. விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்தால் அது இன்னும் ஏற்றுவதற்கு ஆகவில்லை.

அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் அந்தப் பிரிவில் வருவார். ஆனால் அபராதம் சின்ன விஷயம். ஏரிக் கரையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்க.

ஏற்றும்போது மண் தொட்டி முழுக்கப் பரவலாக விழ வேண்டும். பின்னால் குவிந்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. ஒரு பக்கம் குவிந்தால் வளைவில் சாயும். விளிம்புக்கு அரை அடி கீழேயே நிறுத்தித் தார்ப்பாய் போட்டுக் கட்டணும். இது உரத்துக்கு இன்னும் முக்கியம். எடை குறைவுதானே என்று கோபுரமாகக் குவிப்பார்கள். காற்றில் பறக்கிற தூசி பின்னால் வரும் டூவீலர்காரர் கண்ணில்தான் விழும். சூடு அடங்காத உரத்தை ஏற்றவே வேண்டாம், மூடிக் கட்டினால் உள்ளே இன்னும் புழுங்கும். லோடு மேல் ஆள் உட்கார்ந்து வருவது, அதுவும் பிள்ளைகளை ஏற்றி வருவது, நம்ம பக்கம் இன்னும் நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

டிப்பர் கவிழ்வது பெரும்பாலும் ரோட்டில் அல்ல, மண்ணைக் கொட்டும்போது. தொட்டி மேலே போகப் போகப் பாரமும் உயரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் ஒரு பக்கம் நாலு விரல் புதைந்தாலே போதும். வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம், புதிதாக மண் போட்டு நிரவிய இடம், கிணற்று மேடு, இங்கெல்லாம் தொட்டியைத் தூக்கக் கூடாது. தூக்கும் முன் பின்கதவுக் கொக்கி கழன்றிருக்கிறதா என்று பார்க்கணும். அண்ணாந்தும் பார்க்கணும், மோட்டாருக்குப் போகும் மின்கம்பி நம்ம வயல்களில் தாழ்ந்துதான் கிடக்கிறது. தொட்டி கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. வெளியில் இருப்பவர் யாரும் வண்டி அருகே போகக் கூடாது. மின்வாரியம் லைனை நிறுத்தும் வரை அப்படியே இருக்க வேண்டியதுதான்.

களிமண் கலந்த வண்டலுக்கு இன்னொரு குணம் உண்டு. தொட்டி முழுசாகத் தூக்கியும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு இறங்காது. மறுபக்கம் காலி, இந்தப் பக்கம் ரெண்டு டன் தொங்கும். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு வண்டி இப்படித்தான் சாய்ந்தது. ஓட்டுநர் தூக்கிய தொட்டியோடு முன்னால் நகர்த்திச் சட்டென்று பிரேக் அடித்தார், மண் உதிரும் என்று. வண்டி அப்படியே படுத்துவிட்டது. அந்தப் பக்கம் ஆள் நிற்காததால் உயிர் தப்பியது. ஒட்டிக்கொண்டால் தொட்டியை இறக்கி, வண்டியை அணைத்து, மண்வெட்டியால் சுரண்டுவதே வழி. ஏற்றும் முன் தொட்டித் தரையில் உமியோ காய்ந்த மணலோ லேசாகத் தூவினால் ஒட்டுவது குறையும். கொட்டும் நேரத்தில் பக்கவாட்டில் முப்பது அடிக்குள் யாரும் நிற்க வேண்டாம். மண்வெட்டியோடு நிலத்துக்காரரே ஓடிப்போய் நிற்பார், அவரைத்தான் முதலில் நிறுத்தணும்.

இயற்கை விவசாயி யோசிக்க இன்னும் ஒன்று இருக்கிறது. இருபத்தெட்டு டன் வண்டி வயலுக்குள் ஏறினால் கலப்பை எட்டாத ஆழத்தில் மண் இறுகிப்போகும். மண்புழுவுக்கும் வேருக்கும் வழி செய்யத்தான் வண்டல் அடிக்கிறோம். அதைக் கொண்டுவரும் வண்டியே வழியை அடைத்துவிடும். களத்து மேட்டிலோ கெட்டியான பாதை ஓரத்திலோ கொட்டிவிட்டு, அங்கிருந்து டிராக்டர் டிரெயிலரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போங்க. மாட்டு வண்டி இருந்தால் அதைவிட நல்லது. இதற்குக் கூலி கூடும்தான்.

வாடகை பேசும் முறையையும் மாற்ற வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று பேசினால் ஓட்டுநர் ஓடத்தான் செய்வார், இடைவெளியில் டயரைக்கூடப் பார்க்க மாட்டார். நான் நாள் வாடகை பேசுகிறேன், ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் மதியச் சாப்பாடு நம்ம வீட்டில். முதல் நடையை எடை மேடையில் ஏற்றி, சீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு சீட்டு போதும், மற்ற நடைகளுக்குத் தொட்டியில் எந்த மட்டம் வரை ஏற்றலாம் என்று சாக்பீஸில் கோடு போட்டுவிடலாம்.