துருவும் பழைய காரும்

காக்கநாட்டு இளைஞர் ஒருவர் 1960களில் செய்யப்பட்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரை வாங்கிப் புதுப்பிக்க முனைகிறார் எனக் கொள்வோம். அவர் எங்கே தொடங்க வேண்டும்?

1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்விருவர் வண்டி, ஹெரால்டு காரின் வழி வந்தது. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அக்குடும்பமே. ஆதலின் நம் பழைய மெக்கானிக்குகளுக்கு இஃது அயல் வண்டியன்று.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. ஹெரால்டின் அடிச்சட்டம் பக்கங்களிலும் பரவியிருந்தது. ஸ்பிட்ஃபயரில் பக்கச் சட்டங்கள் இல்லை. முதுகெலும்பு போன்ற நடுச்சட்டமே உண்டு. நிலையான கூரையும் இல்லை. எனவே கதவுகளுக்குக் கீழே நீளும் பெட்டித் தகடுகளும் உடலை வளையாமல் தாங்குகின்றன.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் உயிர்வளியும் வேண்டும். உப்பு அதனை விரைவுபடுத்தும். கொச்சியின் மழையும் கடற்காற்றும் அப்பெட்டிகளை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வர்ணம் மின்னிக்கொண்டிருக்கும்.

ஆகவே முதலில் கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்க. வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்திக் கதவு வாயில்களில் குறுக்குக் கம்பி பொருத்துக. பின்னரே ஒவ்வொரு பக்கமாக அரித்த தகட்டை வெட்டிப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டால் உடல் நடுவே தொய்யும், கதவு பொருந்தாது. எஞ்சினை மீண்டும் கழற்றலாம்; தொய்ந்த உடலை நிமிர்த்துவது அரிது. வர்ணம் பூசுவது கடைசி வேலையாகவே இருக்கட்டும்.