கோழிக்கூட்டுக்குக் காவல்: கிள்ளான் வீடுகளுக்கு ஏற்ற குறிப்புகள்

காப்பார், மேரு, ஜாலான் கெபுன் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பத்துக் கோழி வளர்க்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். இங்கே பெரிய அட்டகாசம் செய்வது முசாங் (மரநாய்). கூடவே பியாவாக்கும் (உடும்பு) மலைப்பாம்பும் உண்டு. கையில் இருப்பதை வைத்தே கோழிகளைக் காப்பாற்றச் சில வழிகள் இதோ.

1. கோழி போய்விட்டதா? முதலில் தடயத்தைப் பாருங்கள். இறகுகூடச் சிந்தாமல் மறைந்திருந்தால் பெரும்பாலும் பாம்பு. கழுத்தைக் கடித்துத் தலையைத் தின்றுவிட்டு உடலைப் போட்டிருந்தால் முசாங். முட்டை மட்டும் காணோமென்றால் பியாவாக் அல்லது எலி. பல கோழிகளைக் கொன்று தின்னாமல் விட்டிருந்தால் நாய். புரியவில்லையென்றால் கூட்டைச் சுற்றி ஈர மணலைப் பரப்பி வையுங்கள், விடிந்ததும் கால்தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

2. கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர முசாங்கைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் கம்பிவலைதான் வேண்டும். விலை கையைக் கடித்தால், கோழி இரவில் அடையும் பெட்டிக்கு மட்டும் மேலும் கீழும் சேர்த்து முழுசாக அடித்துவிடுங்கள்; பகலில் மேயும் இடத்துக்குப் பழைய வலையே போதும்.

3. வலையை ஸ்டேப்ளர் ஊசியால் அடிக்காதீர்கள், இழுத்த இழுப்பில் கழன்றுவிடும். திருகாணி போட்டு, வாஷருக்குப் பதிலாகச் சோடா பாட்டிலின் தகர மூடியைத் துளைத்து வைத்தால் வலை அசையாமல் நிற்கும். காசும் மிச்சம்.

4. பியாவாக்கும் நாயும் சுவரோரமாகத் தோண்டித்தான் உள்ளே வரும். மிச்சமான வலையைக் கூட்டைச் சுற்றித் தரையில் ஒன்றரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக விரித்து, மேலே உடைந்த ஓடு, செங்கல் துண்டுகளை அடுக்கிவிடுங்கள். குழி வெட்டிப் புதைக்கிற வேலையே வேண்டாம்.

5. பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடி வரும், வந்த இடத்தில் கோழியைப் பார்க்கும். ஆகவே தீவனத்தை மூடியுள்ள பழைய பிஸ்கட் டின்னில் வையுங்கள், சிந்தியதைச் சாயங்காலமே கூட்டிவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை குறையும் என்பேன்.

6. அதற்காக எலி மருந்து வைக்காதீர்கள். செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்கவே பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் அந்தக் கூகையும் சாகும், பக்கத்து வீட்டுப் பூனையும் சாகும்.

7. சாமிக்கு விளக்கேற்றியதும் கூட்டைப் பூட்டிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கோழிகள் தாமாகவே வந்து அடைந்துவிடும், துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. பூட்டும்போது தலையை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

8. வெறும் கொக்கி போதாது, குரங்கு திறந்துவிடும். தாழ்ப்பாள் ஓட்டையில் ஒரு சாவிவளையத்தை மாட்டிவிட்டால் போதும்.

9. முசாங் கிளையிலும் கம்பியிலும் நடந்து கூரைமேல் குதிக்கும். கூட்டின் மேல் சாய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள். பப்பாளியையும் வாழைத்தாரையும் பழுக்க விடாமல் முன்பே இறக்கிவிடுங்கள், அந்த வாசம்தான் அதை முற்றத்துக்கு அழைத்து வருகிறது.

10. காக்கைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு: காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. இப்போது குஞ்சுகளைக் கொத்திக்கொண்டு போகிறது. மீனவர்கள் கழித்துப்போட்ட பழைய வலை கிடைத்தால் குஞ்சுகள் மேயும் இடத்துக்கு மேலே கட்டுங்கள், பருந்துக்கும் சேர்த்து ஆகும். ஆனால் தரையைத் தொடவிடாதீர்கள், பாம்பும் பல்லியும் சிக்கிக்கொண்டு வதைபடும்.

11. கந்தகம் தூவினால் பாம்பு வராது என்று பலரும் வாங்கிக் கொட்டுகிறார்கள். நம் ஊர் மழை அதை ஒரே நாளில் அடித்துக்கொண்டு போய்விடும், பாம்பும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்தக் காசுக்கு ஒரு முழம் வலை வாங்கி ஓட்டையை அடையுங்கள்.

12. விடிந்து பார்த்தால் கோழியை விழுங்கிய மலைப்பாம்பு, வந்த ஓட்டையில் திரும்ப நுழைய முடியாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கலாம். பாராங்கைத் தூக்காதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு 999-க்கு அழையுங்கள், பொம்பாவோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடிப்பார்கள். மலைப்பாம்பும் பியாவாக்கும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை.

13. 2021 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் ஏறினால் பாம்பும் மேட்டைத் தேடி வரும். கோழி இரவில் அடையும் பெட்டியை மூன்றடிக் காலில் தூக்கி வையுங்கள், ஒவ்வொரு காலிலும் பழைய பெயிண்ட் டின் தகரத்தை வழுவழுப்பாகச் சுற்றிவிடுங்கள். வெள்ளத்துக்கும் ஆச்சு, எலி ஏறாமலும் ஆச்சு.